அன்னா மாணி பற்றி யாருக்காவது வடிவாத் தெரியுமா? மகளிட பேச்சுக்கு வேணும்

உவர்மலை_வாசகி
எல்லாருக்கும் வணக்கம். மகள் உயர்தரத்தில கணிதப் பிரிவு படிக்கிறா, பள்ளிக்கூடத்துக் காலைக்கூட்டத்தில ஒரு இந்திய விஞ்ஞானியைப் பற்றி பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. வகுப்பில மற்றப் பிள்ளைகள் ராமன், ராமானுஜன், அப்துல் கலாம் எண்டு பிரிச்சு எடுத்திட்டாங்க, இவ மட்டும் அன்னா மாணி எண்டு ஒரு பெயரோட வந்து நிக்கிறா. ரெண்டு வருஷத்துக்கு முன்னம் எங்கயோ படத்தோட பார்த்து பெயரைக் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறா, நான் இப்பதான் கேள்விப்படுறன்.

தேடிப் பார்த்ததில கிடைச்சது: 1918 ஓகஸ்ட் 23இல கேரளத்தில பீர்மேடு எண்ட மலைப்பக்கத்தில பிறந்தவ, எட்டுப் பிள்ளைகளில ஏழாவது. தகப்பன் சிவில் இன்ஜினியர், ஏலக்காய்த் தோட்டமும் இருந்திருக்கு. எட்டாவது பிறந்தநாளுக்கு அந்த வீட்டு வழக்கப்படி வைரத்தோடு வாங்கிக் குடுக்கப் போக, தோடு வேண்டாம் கலைக்களஞ்சியம் வாங்கித் தாங்க எண்டு கேட்டவவாம். வைக்கம் போராட்ட நேரம் காந்தி அந்தப் பக்கம் வந்ததைப் பார்த்து, பிறகு கதர்தான் உடுத்தவவாம். இது வரைக்கும் மகளுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. அதுக்குப் பிறகு வாறது முழுக்க வளிமண்டலவியல், கருவிகள், கதிர்வீச்சு எண்டு எனக்கு ஒண்டும் விளங்கேல்ல, தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் சொல்லித் தாங்க.

மூதூர்_மாஸ்டர்
தங்கச்சி, நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் எண்டபடியால சொல்லுறன், பிள்ளைக்கு ராமனையே குடுங்க. வேற பிள்ளை எடுத்திருந்தாலும் பரவாயில்ல, ராமனைப் பற்றி பேச எவ்வளவோ இருக்கு. அதுவும் திருகோணமலைப் பிள்ளைக்கு! 1921இல ஐரோப்பாவில இருந்து கப்பலில திரும்பி வரேக்க மத்தியதரைக் கடலின்ட நீலத்தைப் பார்த்து, கடல் ஏன் நீலம் எண்டு யோசிச்சவர். அது வரைக்கும் ரேலி எண்ட பெரிய விஞ்ஞானி, வானத்தின்ட நிறம்தான் கடலில தெறிச்சுத் தெரியுது எண்டு சொல்லி வைச்சிருந்தவர். ராமன் கப்பலிலயே ஒரு சின்ன முனைவாக்கியை (ஒரு திசையில அதிருற ஒளியை மட்டும் விடுற பளிங்கு) வைச்சு மேற்பரப்புத் தெறிப்பை வெட்டிப்போட்டுப் பார்த்தார், நீலம் போகேல்ல, கூடித்தான் தெரிஞ்சுது. தண்ணி மூலக்கூறே ஒளியைச் சிதறடிக்குது எண்டு அதில இருந்து பிடிச்சார். அந்த வழியிலயே போய் 1928 பெப்ரவரி 28இல ராமன் விளைவு (மூலக்கூறில பட்டுச் சிதறுற ஒளியில கொஞ்சம் நிறம் மாறி வாறது), 1930இல நோபல் பரிசு. கோணேசர் மலையில நிண்டு கீழ பார்க்கிற பிள்ளைக்கு இதை விட வேற என்ன வேணும்?

அன்னா மாணி அவரிட ஆய்வுகூடத்தில இருந்தவதான், அது எனக்கும் தெரியும். ஆனா பாடப்புத்தகத்தில நிக்கிற மாதிரி ஒரு விளைவோ ஒரு விதியோ அவவிட பெயரில இல்ல.

நிலாவெளி_கடலோடி
மாஸ்டர் சொல்லுறது எனக்கும் சரியாப் படுது. நான் படிச்சவன் இல்ல, ஓஎல் (சாதாரண தரம்) படிச்சதோட கடலுக்குப் போனவன், தெரியாமத்தான் கேக்கிறன், அவ என்னத்தைக் கண்டுபிடிச்சவ? கருவி செய்ததெண்டா அது மெக்கானிக் வேலை மாதிரித்தானே, விஞ்ஞானி எண்டு எப்பிடிச் சொல்லுறது?

உவர்மலை_வாசகி
அண்ணா, இதே கேள்வியைத்தான் மகளிட வகுப்பிலயும் ஒரு பொடியன் கேட்டிருக்கிறான், அவவுக்குப் பதில் சொல்லத் தெரியாம வீட்ட வந்து கோவம். அதுக்குத்தான் இங்க கேட்டனான்.

பழைய_அவதானி
பிள்ளை, நான் இதில எழுதுறது குறைவு, வாசிச்சிட்டுப் போறவன். ஆனா இதுக்கு எழுதாம இருக்க ஏலாது. வளிமண்டலவியல் வேலையில 30 வருஷத்துக்கு மேல இருந்து ஓய்வெடுத்தவன் நான், கிழக்கில கனக்க இடத்தில மழைமானி பார்த்திருக்கிறன்.

தம்பி நிலாவெளி, மெக்கானிக் வேலை எண்டு கேட்டீங்க. ஒரு மழைமானியை எடுங்க. மேல வாய் 8 அங்குல விட்டம், கீழ தண்ணி சேருற போத்தல், அளக்கிறதுக்கு ஒரு கண்ணாடிச் சிலிண்டர், அவ்வளவுதான், தகரவேலை தெரிஞ்ச ஆர் எண்டாலும் செய்வான். ஆனா அந்த வாய் 5 சதவீதம் பெருத்துப் போச்செண்டா மழை எவ்வளவு கூடக் காட்டும்? வட்டத்தின்ட பரப்பு விட்டத்தின்ட வர்க்கமாக் கூடுறதால 10 சதவீதம் கூடக் காட்டும். 100 மில்லிமீற்றர் மழையை 110 எண்டு எழுதுவீங்க. ஒரு இடத்தில (ஆர் எண்டு சொல்லமாட்டன்) வாய் நெளிஞ்ச மானியை வைச்சு பல வருஷமா எழுதிக்கொண்டிருந்தவங்கள், நான் போய்த்தான் பார்த்தனான், அந்தக் கொப்பியள் எல்லாம் அச்சடிச்ச மாதிரி அழகான கையெழுத்து, ஒரு நாள் கூட விடுபடேல்ல. ஆனா ஒண்டையும் நம்பேலாது. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்ல. அந்த மனுஷர் மழையிலயும் வெயிலிலயும் ஒவ்வொரு நாளும் காலமை எட்டரைக்குப் போய் அளந்தவர், அவ்வளவும் வீண்.

இப்ப அன்னா மாணிக்கு வாறன். 1945இல லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போறா. அவவிட ஆசை பௌதிகவியல், ஆனா கிடைச்ச புலமைப்பரிசில் வளிமண்டலவியல் கருவிகளுக்கு. சரி எண்டு அதையே படிச்சிட்டு 1948இல திரும்பி வந்து புனேயில இந்திய வானிலைத் திணைக்களத்தின்ட கருவிப் பிரிவில சேருறா. அப்பதான் நாடு சுதந்திரம் எடுத்த நேரம். வெப்பமானி, அமுக்கமானி, காற்றுமானி எண்டு எல்லாத்துக்கும் வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த காலம், உடைஞ்சா திருத்துறதுக்கும் அங்கதான் அனுப்போணும். அவ கிட்டத்தட்ட 100 வகைக் கருவிகளுக்கு வரைபடம் கீறி, அளவு இதுதான், உலோகம் இதுதான், இவ்வளவு பிழை வரைக்கும்தான் விடலாம் எண்டு நிர்ணயிச்சு, உள்நாட்டிலயே செய்ய வைச்சா. பிறகு அந்தப் பிரிவுக்கு அவவே பொறுப்பு, கீழ நூறுக்கு மேல ஆம்பிளையள். 1950களில.

பிழையான அளவு இருக்கிறதை விட அளவே இல்லாம இருக்கிறது மேல் எண்டு அவ திரும்பத் திரும்பச் சொல்லுறவவாம். எனக்கு இது வாசிச்சுத் தெரிஞ்ச விஷயம் மட்டும் இல்ல, அந்த நெளிஞ்ச மானியைக் கையில தூக்கிப் பார்த்தவன் நான். அளவே இல்லையெண்டா ஆக்கள் தெரியாது எண்டு சொல்லிக் கவனமா இருப்பாங்க, பிழையான அளவை வைச்சுத்தான் துணிஞ்சு குளம் கட்டுவாங்க.

இதை விஞ்ஞானம் இல்லையெண்டு சொன்னா எது விஞ்ஞானம் எண்டு எனக்கு விளங்கேல்ல. ராமன் ஐயா பெரிய மனுஷன், அதில ஒரு கதையும் இல்ல. ஆனா ராமனுக்குக் கையில நிறமாலைமானி (ஒளியை நிறம் நிறமாப் பிரிச்சுக் காட்டுற கருவி) இருந்தது, அதை ஆரோ சரியாச் செய்து குடுத்ததால.

சாம்பல்தீவு_பொடியன்
ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் சோலார் பனல் பூட்டுற வேலை, எங்களுக்கு இவவிட பெயர் வேற பக்கத்தால தெரியும்.

1957-58 சர்வதேச புவிபௌதிக ஆண்டு எண்டு உலகம் முழுக்கச் சேர்ந்து பூமியை அளந்தாங்க, அந்த நேரம் இவ இந்தியா முழுக்க சூரியக் கதிர்வீச்சு அளக்கிற நிலையங்களை ஒரு வலைப்பின்னலாப் போட்டவ. முதல் வெளிநாட்டுக் கருவி, பிறகு பார்த்தா, விலை தாங்காது எண்டு தாங்களே செய்யத் துவங்கிட்டாங்க. அந்தக் கருவி எப்பிடி வேலை செய்யுதெண்டா, கறுப்புத் தட்டு ஒண்டு வெயிலில சூடாகும், சூடாகிற பக்கத்துக்கும் சூடாகாத பக்கத்துக்கும் இருக்கிற வித்தியாசத்தில சின்ன மின்னழுத்தம் வரும், அதை அளந்தா வெயிலின்ட வலு தெரியும், மேல ஒரு கண்ணாடிக் குமிழ் காத்து மழை படாம. கேக்கச் சுகம், ஆனா அந்தக் கண்ணாடியில கடலுப்பு ஒரு படை பிடிச்சாலே அளவு விழுந்திடும், நாங்க கடற்கரைப் பக்கம் பனல் கழுவாம விட்டா என்ன நடக்குது எண்டு எனக்கு ஒவ்வொரு மாசமும் தெரியும்.

1976இல ஓய்வெடுத்த பிறகும் அவ நிக்கேல்ல, 1980இல இந்தியாவின்ட சூரியக் கதிர்வீச்சுத் தரவுக்கு ஒரு கைநூல், அடுத்த வருஷம் இன்னொண்டு, 1983இல காற்றுச் சக்தித் தரவு. 700க்கு மேற்பட்ட இடத்தில காற்று அளக்கிற வேலையும் அவவிட தலைமையில நடந்தது. பெங்களூரில காற்றுமானியும் கதிர்வீச்சு மானியும் செய்யிற ஒரு சின்னத் தொழிற்சாலையும் வைச்சிருந்தவ.

காற்றுக்கு ஏன் இவ்வளவு கவனம் எண்டா, காற்றாலையில வாற சக்தி வேகத்தின்ட கனம். வேகத்தை 10 சதவீதம் கூட அளந்தா சக்தியை 33 சதவீதம் கூடக் கணக்குப் போடுவீங்க, வங்கியில கடன் எடுத்து காற்றாலை நட்ட பிறகுதான் தெரியும் கணக்குப் போட்டதில நாலில ஒண்டு காத்துல போனது. மாஸ்டர் இந்தக் கணக்கை பிள்ளையளுக்குப் போட்டுக் காட்டுங்க, 1.1 x 1.1 x 1.1.

எங்கட சம்பூரைப் பாருங்க. நிலக்கரி மின்நிலையம் வரப்போகுது எண்டு எத்தனை வருஷம் பயந்து கொண்டிருந்தம், 2016இல அது இல்லையெண்டாச்சு, இப்ப அதே சம்பூரில 120 மெகாவாற்று சோலார், 2025 ஏப்ரலில இந்தியப் பிரதமர் வந்த நேரம் கட்டுற வேலையைத் துவக்கி வைச்சாங்க. இப்பிடி ஒரு திட்டத்துக்கு முதல் கேள்வி இந்த இடத்தில வருஷத்துக்கு எவ்வளவு வெயில் விழும் எண்டது. அந்தக் கேள்வியை எங்கட பிராந்தியத்தில 70 வருஷத்துக்கு முன்னமே ஒழுங்கா அளந்து பார்க்கத் துவங்கினது அவதான்.

மூதூர்_மாஸ்டர்
ஐயா எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். நான் பாடப்புத்தகத்தில பெயர் இருக்கோ எண்டு மட்டும் பார்த்திட்டன், அது என்ட பிழை. ஆனா ஒரு விஷயம் இன்னும் சொல்லோணும், தங்கச்சி இதை மகளிட பேச்சில விடாதீங்க.

அவ 1940இல பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து ராமனிட்ட சேர்ந்தவ. வேலை வைரத்திலயும் மாணிக்கத்திலயும். 30க்கு மேற்பட்ட வைரங்களின்ட நிறமாலையை எடுத்திருக்கிறா, வைரத்தைத் திரவ வளியில குளிராக்கி வைச்சு, ஒளிப்படத் தகட்டில 15, 20 மணித்தியாலம் வெளிச்சம் பட விட்டு, அது முடியும் வரைக்கும் ஆய்வுகூடத்திலயே இரவு முழுக்க இருந்து. (தோடு வேண்டாம் எண்ட அதே பிள்ளை, பிறகு வருஷக்கணக்கா வைரத்தோடதான் இருந்திருக்கு.) 1942க்கும் 45க்கும் இடையில தனிப்பெயரில ஐஞ்சு ஆய்வுக் கட்டுரை. 1945இல ஆய்வேட்டை மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்குக் குடுத்தா. முதுமாணிப் பட்டம் இல்லை எண்டு சொல்லி கலாநிதிப் பட்டம் குடுக்கேல்ல! ஐஞ்சு கட்டுரை வெளியான பிறகு. அந்த ஆய்வேடு இன்னும் ராமன் ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில இருக்கு, பட்டம்தான் கடைசி வரைக்கும் வரேல்ல.

ராமனை இவ்வளவு மதிக்கிற நானே இதையும் சொல்லோணும். 1933இல கமலா சோஹோனி எண்ட பிள்ளை அதே நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க, பொம்பிளைப் பிள்ளை எண்டு சொல்லி ராமன் முதல் மறுத்தவர், அவ விடாமப் போராடி நிபந்தனையோடதான் உள்ள போனவ, 1939இல கேம்பிரிட்ஜில கலாநிதிப் பட்டமும் எடுத்தவ. அப்பிடிப்பட்ட இடம் அது. அன்னா மாணி இருந்த காலத்திலயும் ஆம்பிளையும் பொம்பிளையும் பக்கத்தில இருந்து கதைக்கிறதை ராமன் விரும்பேல்ல. பௌதிகவியலைப் பற்றி நாலு பேர் கூடியிருந்து வாதாடித்தானே படிக்கிறது, அந்த நாலு பேருக்குள்ள சேரவே விடாம இருந்த இடத்தில இருந்துதான் அவ அவ்வளவும் செய்திருக்கிறா.

உவர்மலை_வாசகி
சேர், பட்டம் குடுக்காத கதையை மகளுக்கு வாசிச்சுக் காட்டினன். கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, "அப்ப அவவுக்குக் கோவம் வரேல்லையா அம்மா" எண்டு கேட்டா. எனக்குப் பதில் தெரியேல்ல.

பழைய_அவதானி
பிள்ளை, பட்டம் இல்லாதது தனக்கு ஒரு குறையா இருக்கேல்ல எண்டுதான் அவ பிற்காலத்தில சொல்லியிருக்கிறவ. அவ அப்பிடிச் சொன்னது சரி, அது அவவிட பெருந்தன்மை. நாங்களும் அப்பிடியே விட்டுடேலாது. எனக்குக் கோவம் வருது, மகளுக்கும் வரட்டும்.

நிலாவெளி_கடலோடி
ஐயா, மெக்கானிக் எண்டு நான் சொன்னதை மன்னிச்சுக்கொள்ளுங்க. நேற்று இரவு அப்பாவோட இதைப் பற்றிக் கதைச்சனான்.

அப்பாவுக்கு 64 புயல் நேரம் பன்ரெண்டு வயசு. டிசம்பர் 22. அவர் சொல்லுறது, அண்டைக்குப் பகல் முழுக்க கொண்டல் பக்கத்தால காத்து, கடல் ஒரு மாதிரி எண்ணெய் ஊத்தின மாதிரி உருண்டு உருண்டு வந்துதாம், பெரியாக்கள் வள்ளங்களை இழுத்து மேல போட்டவங்கள், ஆனா எவ்வளவு மேல போடோணும் எண்டு ஆருக்கும் தெரியாது. வழக்கமா வாடை கிளம்புற நேரம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் போட்டாங்க. விடியேக்க வள்ளமும் இல்ல, கூரையும் இல்ல, பனையள் பாதியில முறிஞ்சு கிடந்துதாம். அதே புயல்தானே பிறகு அங்கால போய் தனுஷ்கோடியையும் ரயிலையும் கொண்டு போனது.

2020 டிசம்பர் 2 புரவிப் புயல் வரேக்க எனக்கு ஃபோனில முதல் நாளே தெரியும், எந்த இடத்தில எத்தனை மணிக்கு எண்டு. திருகோணமலைக்கு வடக்கால கரை ஏறினது, எங்கட வள்ளம் ஒண்டும் போகேல்ல. இவ்வளவு நாளும் அது சற்றலைட்டால வந்தது எண்டு மட்டும்தான் நினைச்சன். அதுக்குக் கீழ தரையில ஆயிரக்கணக்கான இடத்தில ஒரே மாதிரி அளக்கிற கருவி இருந்தாத்தான் சற்றலைட் சொல்லுறது சரியோ பிழையோ எண்டே தெரியும் எண்டு இப்பதான் விளங்குது.

ஒண்டு கேக்கோணும். நாங்க கச்சான், சோழகம், வாடை, கொண்டல் எண்டு காத்துக்குப் பெயர் வைச்சு முகத்தில படுறதை வைச்சே சொல்லுவம். ஆனி ஆடியில கச்சான் அடிக்கேக்க முகம் எரியும், கருவாடு ரெண்டு நாளில காயும். அதுவும் ஒரு அளவுதானே?

பழைய_அவதானி
அதுவும் அளவுதான் தம்பி, நான் வேலையில சேர்ந்த புதுசில மீன்பிடிக்கிற ஆக்களிட்டத்தான் கனக்கப் படிச்சனான். கச்சான் எரியிறதுக்குக் காரணம், தென்மேல் பருவக்காத்து மலைநாட்டுக்கு மேற்குப் பக்கத்தில மழையைக் கொட்டிப்போட்டு மலையைத் தாண்டி எங்கட பக்கம் இறங்கேக்க அமுங்கிச் சூடாகி வறண்டு வருது. உங்கட முகத்துக்கு அது தெரியும். ஆனா உங்கட அப்பாவிட முகத்தில பட்ட 64 கச்சானும் உங்கட முகத்தில படுற இந்த வருஷக் கச்சானும் எது சூடு கூட எண்டு கேட்டா ஆர் சொல்லுறது? அங்கதான் மானி வேணும், அதுவும் அண்டைக்கும் இண்டைக்கும் ஒரே மாதிரி அளக்கிற மானி. காலநிலை மாறுது எண்டு இப்ப எல்லாரும் கதைக்கிறாங்க, ஒரு பாகை ஒண்டரைப் பாகை எண்டு. பழைய வெப்பமானி ஒரு பாகை பிழையா இருந்திருந்தா அந்தக் கதையையே கதைக்க ஏலாது.

அதோட ஓசோனையும் மகள் சேர்க்கட்டும். பலூனில கட்டி மேல விடுற ஓசோன் கருவியை இந்தியாவிலயே செய்ய வைச்சவ அவ, அண்டைக்கு அதைச் சொந்தமாச் செய்யத் தெரிஞ்ச நாடுகள் ஒரு கைவிரலுக்குள்ள. வளியை ஒரு இரசாயனக் கரைசலுக்குள்ள குமிழாய் விட, ஓசோன் அதில இருந்து அயடீனைப் பிரிக்கும், அதில ஒரு சின்ன மின்னோட்டம் வரும், அதை ரேடியோ கீழ அனுப்பும். கேரளத்தில தும்பா எண்ட இடத்தில ரொக்கெட் விடத் துவங்கின 1963இல, இந்திய விண்வெளித் திட்டத்தைத் துவக்கின விக்ரம் சாராபாய் கேட்டு அங்க வானிலை அவதான நிலையமும் கருவிக் கோபுரமும் போட்டுக் குடுத்ததும் அவதான். அதுவும் உங்கட மாதிரி ஒரு மீன்பிடிக் கிராமம் தம்பி, தேவாலயத்தையும் வீடுகளையும் விட்டுக்குடுத்த சனம்.

சாம்பல்தீவு_பொடியன்
1969இல டில்லிக்கு துணைத் தலைமை இயக்குநரா மாற்றினாங்க, 1987இல கே. ஆர். ராமநாதன் பதக்கம், 2001 ஓகஸ்ட் 16 திருவனந்தபுரத்தில காலமானவ. அக்கா, இந்தத் திகதிகளையும் போட்டுக்கொள்ளுங்க. கல்யாணம் கட்டேல்ல, மலை ஏறுறதும் பறவை பார்க்கிறதும் விருப்பம்.

உவர்மலை_வாசகி
எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்ல. பேச்சு இண்டைக்குக் காலமை முடிஞ்சுது. தோடு கதையில துவங்கி நெளிஞ்ச மழைமானிக்கு வந்து (ஐயா, உங்கட பெயர் இல்லாம, "எங்கட ஊரில ஓய்வு பெற்ற ஒரு அவதானி" எண்டு சொன்னவ) 64 புயலோட முடிச்சிருக்கிறா. பத்து நிமிஷம் பதினேழு நிமிஷமாப் போனதாம், ஆரும் நிப்பாட்டேல்ல.

இப்ப வீட்டில புதுப் பிரச்சினை. பின்வளவில ஒரு புனலும் போத்தலும் வைச்சிருக்கிறா, கேள்வியை அவவே எழுதட்டும்.

உவர்மலை_வாசகி
ஐயா நான் மகள் எழுதுறன். புனல் வாய் விட்டம் 12 சென்ரிமீற்றர். போத்தலை மாமரத்துக்குக் கீழ வைச்சிருக்கு, காத்துக்குச் சாயாம இருக்கோணும் எண்டு. நேற்று எட்டரையில இருந்து இண்டைக்கு எட்டரை வரைக்கும் 170 மில்லிலீற்றர் தண்ணி. போத்தலில கோல் வைச்சுப் பார்க்க 4 சென்ரிமீற்றர் உயரம், அப்ப மழை 40 மில்லிமீற்றரா?

பழைய_அவதானி
இல்லை மகள். போத்தலில நிக்கிற தண்ணி உயரத்தைப் பார்க்கக் கூடாது, போத்தல் புனல் வாயை விட ஒடுக்கம். தண்ணியின்ட கனவளவைப் புனல் வாயின்ட பரப்பால பிரியுங்கோ. 12 சென்ரிமீற்றர் விட்டத்துக்குப் பரப்பு 113, 170ஐ 113ஆல பிரிச்சா 1.5 சென்ரிமீற்றர். 15 மில்லிமீற்றர்.

ஆனா அந்த 15ஐயும் கொப்பியில எழுத வேண்டாம். மாமரத்துக்குக் கீழ எண்டா இலையில தங்கினது எவ்வளவு, இலையால வடிஞ்சது எவ்வளவு எண்டு ஆருக்கும் தெரியாது. மரத்தின்ட உயரத்தைப் போல ரெண்டு மடங்கு தூரம் தள்ளி வெட்டையில வையுங்கோ, கல்லால அணை குடுங்கோ, புனல் வாய் மட்டமா இருக்குதோ எண்டு ஒரு தட்டில தண்ணி ஊத்தி வைச்சுப் பாருங்கோ. நாளைக்கு எட்டரைக்கு அளக்கிறதைத்தான் முதலாவதா எழுதோணும்.

உவர்மலை_வாசகி
சரி ஐயா. கிணத்தடிக்கு அங்கால மாத்திட்டன். இண்டைக்கு எழுதினதை வெட்டிட்டன்.